இத்தாலி, நாலு பேர், செக்-இன் பெட்டி இல்லாமல்: பை எவ்வளவு பெரிதாக இருக்கலாம்?

#1 · மார்ச் 3, இரவு 9:12

பெரியவர்கள் இரண்டு, பிள்ளைகள் இரண்டு (9 வயது, 5 வயது). அக்டோபர் கடைசியில் ஆரம்பித்து இரண்டு வாரம். ரோம், நேப்பிள்ஸ், பொம்பெய், புளோரன்ஸ், பீசா, வெனிஸ். செக்-இன் பெட்டி கிடையாது. ஆளுக்கு ஒரு சக்கரப் பெட்டி, 55×40×20, கேபினுக்குள் போகிற அளவு. ஊர் மாறும் நாளில் அதே பெட்டியை இழுத்துக்கொண்டே வழியில் இருக்கிற இடத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடலாம் என்பது கணக்கு. விமானத்துக்குள் போகிற பெட்டி எங்கேயும் போகும்தானே?

#2 · மார்ச் 3, இரவு 10:40

போகாது. இந்தப் பயணத்தில் இருப்பதிலேயே தாராளமான வாசல் விமானத்தினுடையதுதான். மற்றவை இப்படி:

பொம்பெய் (எரிமலை வெடிப்பில் புதைந்த பழைய நகரத்தின் இடிபாடு): 30×30×15 செ.மீ.க்கு மேற்பட்ட பையை உள்ளே கொண்டுபோக முடியாது. வாசலில் இலவசப் பை வைப்பிடம் உண்டு.

வாடிகன் அருங்காட்சியகம்: 40×35×15. அதை மீறினால் வைப்பிடத்தில் கொடுத்தாக வேண்டும். அதுவும் இலவசம்.

கொலோசியம்: சின்ன, நடுத்தர முதுகுப்பை வரை சரி. பெட்டியும் பெரிய பையும் கூடாது, வைப்பிடமும் கிடையாது. பெட்டியோடு போய் நின்றால் திரும்பி நடக்க வேண்டியதுதான், நேரம் குறித்து வாங்கிய டிக்கெட் கையிலேயே காலாவதியாகும்.

புளோரன்ஸ் கதீட்ரல் குவிமாடம்: 463 படி, லிஃப்ட் இல்லை. பையோடு ஏற விடமாட்டார்கள். அதே சதுக்கத்தில் இலவச வைப்பிடம் இருக்கிறது.

பீசா கோபுரம்: பையைக் கீழே கொடுத்துவிட்டுத்தான் ஏற வேண்டும்.

ரோமில் போர்கேசே கலைக்கூடம்: பையைக் கீழே கொடுக்க வேண்டும். ஒரு நுழைவுக்கு இரண்டு மணி நேரம், முன்பதிவு கட்டாயம்.

புளோரன்ஸ் அக்காதேமியா (மைக்கலாஞ்சலோவின் தாவீது சிலை இருக்கும் இடம்): வைப்பிடம் இல்லை, பெரிய பைக்கு அனுமதியும் இல்லை.

ஆக, பட்டியலில் மிகச் சின்னதான 30×30×15-ஐ வைத்துப் பகல் பையைத் தேர்ந்தெடுங்கள். பெரிய பை என்பது ரயிலுக்கும் தங்குமிடத்துக்கும் நடுவே மட்டும் தூக்குகிற பொருள். எந்தப் பழங்கால வாசலுக்கும் அது வரக்கூடாது. இதை முதலில் முடிவு செய்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக அமையும்.

#3 · மார்ச் 3, இரவு 11:05

30×30×15 என்றால் 13.5 லிட்டர். நாலு பேருக்கும் ஒன்றா, ஆளுக்கு ஒன்றா?

#4 · மார்ச் 4, காலை 6:50

இரண்டு போதும், பெரியவர்கள் மட்டும். ஒன்றில் தண்ணீர், தின்பண்டம், ஈரத்துணி, 5 வயதுக்காரருக்கு ஒரு மாற்று உடை. இன்னொன்றில் மழைச்சட்டைகள், பவர்பேங்க், மருந்து. பாஸ்போர்ட்டும் பணமும் எந்தப் பையிலும் இல்லாமல் சட்டைக்குள் கழுத்துப் பையில்.

கவனிக்க வேண்டிய எண் 30 இல்லை, 15. பொம்பெய்க்கும் வாடிகனுக்கும் ஆழத்தின் வரம்பு ஒன்றுதான். கடையில் 14 லிட்டர் என்று விற்கிற முதுகுப்பைகளில் பல 18, 20 செ.மீ. ஆழத்தில் தைத்தவை. காலியாக இருக்கும்போது 15-க்குள் மடங்கும். தண்ணீர் பாட்டிலைப் படுக்க வைத்தால் வயிறு தள்ளிவிடும். முன்புறத்தில் புடைத்த பாக்கெட் இல்லாத, தட்டையான பையாகப் பாருங்கள். பாட்டில் பக்கவாட்டு வலைப் பையில் நிற்கட்டும், மழைச்சட்டையைச் சுருட்டாமல் மடித்துத் தட்டையாக வையுங்கள். வாங்கும் முன் நிரப்பிப் பார்த்து அளக்க வேண்டும்.

#5 · மார்ச் 4, காலை 9:30

ஜோல்னாப் பையை யாரும் அளப்பதில்லை. தட்டையானது, 100 கிராம்கூட வராது, தேவை முடிந்ததும் மடித்து இன்னொரு பைக்குள் போய்விடும். புத்தி ஜீவி என்று நினைத்து வாசலில் கூடுதல் மரியாதை கிடைத்தாலும் கிடைக்கும்.

#6 · மார்ச் 4, காலை 9:44

#5: மரியாதை கிடைக்கிறதோ இல்லையோ, நேப்பிள்ஸ் ரயிலில் வாய் திறந்த பை ஜேப்படிக்காரனுக்கு அழைப்பிதழ். ஜிப் வைத்ததாக இருந்தால் சரி.

#7 · மார்ச் 4, மதியம் 1:20

சக்கரத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ரோம் பழைய நகரத் தெருக்களில் பதித்திருப்பது சம்பியெத்ரீனி எனப்படும் சின்ன எரிமலைப் பாறைக் கட்டைகள், இடைவெளிவிட்டுப் பதித்தவை. 5 செ.மீ. சக்கரம் ஒவ்வொரு இடைவெளியிலும் இறங்கி ஏறும். நாலு சக்கரப் பெட்டியில் முதலில் உடைவது சக்கரத்தைப் பெட்டியோடு பிணைக்கிற தண்டு. இரண்டு சக்கரம், பெரிய விட்டம், ரப்பர் பூச்சு என்றால் தாக்குப்பிடிக்கும், ஆனால் வெனிஸில் அதற்கும் வேலை இல்லை. அங்கே 400-க்கு மேல் பாலங்கள், பெரும்பாலானவற்றில் இரண்டு பக்கமும் படி. 9 வயதுக் குழந்தை 6 கிலோ பெட்டியைப் பாலத்தில் தூக்காது, அதையும் நீங்கள்தான் தூக்குவீர்கள்.

முதுகுப்பை என்றால் கை காலியாக இருக்கும். ஐந்து வயதுக் குழந்தையோடு போகிறவருக்கு அது ஒன்றே போதுமான காரணம்.

#8 · மார்ச் 4, இரவு 8:15

அப்படியானால் பெரிய பை எத்தனை லிட்டர்? 40 லிட்டர் முதுகுப்பை இரண்டு?

#9 · மார்ச் 4, இரவு 10:02

பெரியவர்களுக்கு 28 முதல் 30 லிட்டர், 9 வயதுக்கு 14 லிட்டர், 5 வயதுக்கு எதுவும் வேண்டாம். அதாவது, பொம்மையும் தொப்பியும் போடுகிற ஒரு சின்னப் பை. அது அவர் மனத் திருப்திக்கு. அரை மணி நேரத்தில் உங்கள் தோளுக்கு வந்துவிடும் என்று கணக்கு வைத்தே நிரப்புங்கள்.

குழந்தையின் சுமைக்கு மேல் வரம்பு உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு. 27 கிலோ என்றால் 2.7. பையின் சொந்த எடையும் அதில் அடக்கம்.

40 லிட்டர் ஏன் வேண்டாம் என்றால், இடம் இருந்தால் நிரம்பும், நிரம்பினால் 9 கிலோ. பன்னாட்டு விமானங்கள் பலவற்றில் கைப்பை வரம்பு 7 அல்லது 8 கிலோ (இத்தாலியின் ஐடிஏ ஏர்வேஸில் 8). ஐரோப்பாவுக்குள் சிக்கன விமானம் ஒன்றில் ஏறினால் இலவச அளவு இன்னும் குறையும்: ரயன்ஏரில் 40×30×20, ஈஸிஜெட்டில் 45×36×20. முதலாவது 24 லிட்டர், இரண்டாவது 32. உங்கள் பட்டியலில் உள்ளூர் விமானம் இல்லை, எல்லாம் ரயில். சிசிலியைச் சேர்த்தால்தான் இந்தக் கவலை.

ஒரு பெரியவரின் பை, அக்டோபருக்கு, உடுத்தியிருப்பது போக: மேல்சட்டை மூன்று 480 கிராம், சீக்கிரம் உலரும் கால்சட்டை ஒன்று 320, உள்ளாடை நாலு 200, காலுறை மூன்று ஜோடி 150, மெல்லிய ஃபிளீஸ் 300, மழைச்சட்டை 280, இரவு உடை 300, செருப்பு 400, குளியல் சாமான் 500, சார்ஜர் பவர்பேங்க் வகையறா 400, மருந்து 250, துண்டு அல்லது துப்பட்டா 150. கூட்டினால் 3 கிலோ 730. 850 கிராம் பையோடு 4 கிலோ 580. குழந்தைகளின் துணியை இரண்டு பெரிய பைக்கும் பிரித்தால் ஒவ்வொன்றும் ஐந்தரை கிலோவில் நிற்கும்.

ஜீன்ஸ் இந்தப் பட்டியலில் இல்லை. உடுத்திக்கொண்டு போகலாம், பைக்குள் வைக்கக் கூடாது. ஒன்று 650 கிராம், நனைந்தால் ஒரு நாளில் உலராது.

#10 · மார்ச் 5, காலை 7:10

துப்பட்டாவை ஏன் பெரியவர் எல்லோருக்கும் போட்டிருக்கிறீர்கள்?

#11 · மார்ச் 5, காலை 7:32

புனித பேதுரு பேராலயத்திலும் வாடிகன் அருங்காட்சியகத்திலும் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், ஆணுக்கும் பெண்ணுக்கும். அக்டோபரில் எப்படியும் முழுக்கையாக இருக்கும், ஆனால் பகல் வெயிலில் 22, 23 டிகிரி போனால் குழந்தைகள் அரைக்கால்சட்டைக்கு மாறிவிடுவார்கள். அதைத் தவிர இது ரயிலில் போர்வை, பூங்காவில் விரிப்பு, ஈரத்தைப் பிழியும் துணி. ஈரிழைத் துண்டும் இதையெல்லாம் செய்யும். தடிமனான டர்க்கி டவல் மட்டும் வேண்டாம், எடையும் அதிகம், உலரவும் உலராது. தங்குமிடத்தில் டவல் தருவார்கள்.

#12 · மார்ச் 5, மாலை 6:40

ஊர் மாறும் நாள் பற்றி #1 கேட்டது இன்னும் பாக்கி.

பெரிய பையோடு பார்க்கக் கூடாதவை: கொலோசியம், அக்காதேமியா. வைப்பிடமே இல்லாதபோது பேச்சே இல்லை.

வைப்பிடம் இருந்தாலும் மாட்டிவிடுபவை: பொம்பெய், வாடிகன். காரணம் அளவு இல்லை, வாசல். பையை எந்த வாசலில் கொடுத்தீர்களோ அங்கேதான் திரும்ப வாங்க வேண்டும். பொம்பெயில் போர்த்தா மரீனா வாசலில் பையைக் கொடுத்து, நகரத்தின் மறு கோடியில் இருக்கும் ஆம்ஃபிதியேட்டர் வரை நடந்தால், அந்தப் பக்கமும் வாசல் இருக்கிறது, ஆனால் நீங்கள் வெளியேற முடியாது. பைக்காகத் திரும்பி ஒரு கிலோமீட்டருக்கு மேல், கல் பாவிய தெருவில், ஏற்கெனவே மூன்று மணி நேரம் நடந்த குழந்தைகளோடு.

வாடிகனிலும் இதே சங்கதி. அருங்காட்சியகத்துக்குள் இருக்கும் சிஸ்டைன் தேவாலயத்தின் கடைசியில் வலப் பக்கம் ஒரு கதவு நேரே பேராலயத்துக்குக் கொண்டுபோகும். வழிகாட்டியோடு வரும் குழுக்களுக்கான வழி அது. குழுவோடு போனால் வெளியே நடப்பதும் மறுபடி பாதுகாப்பு வரிசையும் மிச்சம். ஆனால் அருங்காட்சியக வைப்பிடத்தில் பையோ, ஒலி வழிகாட்டிக் கருவியோ இருந்தால் அதை மீட்க மதில் சுவரைச் சுற்றி அருங்காட்சியக வாசலுக்கு வந்தாக வேண்டும்.

15 செ.மீ.க்குள் அடங்கின பையின் உண்மையான லாபம் இங்கேதான். வாசலோடு கட்டிப்போடாது.

#13 · மார்ச் 5, இரவு 9:18

#12-ஐ ஏற்றுக்கொண்டு ஒரு சேர்க்கை. ரோமிலிருந்து நேப்பிள்ஸ் போகும் நாளிலேயே பொம்பெய் பார்ப்பது நடக்காத காரியம் இல்லை. பெரிய பையை நேப்பிள்ஸ் சென்ட்ரல் நிலையத்தில் கட்டணம் வாங்கும் சாமான் காப்பகத்தில் விட வேண்டும். பலகையில் தெப்போசிதோ பகாலி என்று இருக்கும். அது மூடும் நேரத்தைக் கொடுக்கும்போதே கேளுங்கள். அதே நிலையத்தின் கீழ்த்தளத்தில் சிர்க்கும்வெசுவியானா ரயில், சொரென்டோ போகும் தடம். இறங்க வேண்டியது பொம்பெய் ஸ்காவி, வில்லா தெய் மிஸ்தேரி. கிட்டத்தட்ட 40 நிமிடம். பொம்பெய் என்று பெயரில் வரும் வேறு நிலையங்களும் உண்டு, அவை போர்த்தா மரீனா வாசலுக்குத் தள்ளி.

அந்த ரயிலில் சாமான் தட்டு கிடையாது, கூட்டம் கழுத்தை நெரிக்கும். உட்கார இடம் வேண்டுமென்றால் ஒரு நிலையம் முன்னால் இருக்கும் போர்த்தா நொலானாவுக்குப் போய் ஏறுங்கள், வண்டி அங்கேதான் கிளம்புகிறது. பகல் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள்.

#14 · மார்ச் 6, காலை 6:25

நடக்காத காரியம் இல்லை, சரி. 5 வயதுக் குழந்தையோடு செய்யத்தக்க காரியமும் இல்லை. காலை 7 மணி ரயில், காப்பகம், இன்னொரு ரயில், 66 ஹெக்டேர் நகரம், திரும்ப ரயில், காப்பகம், தங்குமிடம். நேப்பிள்ஸில் இரண்டு இரவு போட்டு, இரண்டாம் நாள் காலை பொம்பெய் வைத்தால் இத்தனையும் தேவையில்லை.

அல்லது பொம்பெய்க்குப் பதில் ஹெர்குலேனியம். கி.பி. 79-இல் அதே வெசுவியஸ் வெடிப்பு, ஆனால் இங்கே ஏறத்தாழ 20 மீட்டர் ஆழத்துக்கு இறுகிப் புதைந்தது. மேல்மாடிகளும் கரியான மரச் சட்டங்களும் இன்னும் நிற்கின்றன. பரப்பு சின்னது, இரண்டு இரண்டரை மணி நேரத்தில் முடியும். எர்கொலானோ ஸ்காவி நிலையத்திலிருந்து நேராகச் சரிவில் பத்து நிமிடம். திரும்பும்போது அது ஏற்றம் என்பதை மறக்க வேண்டாம்.

#15 · மார்ச் 6, காலை 8:00

குழந்தைத் தள்ளுவண்டி?

#16 · மார்ச் 6, காலை 8:21

5 வயதுக்கு வேண்டாம். பொம்பெய் தெருவில் வண்டித் தடம் பதிந்த எரிமலைக் கற்கள், குறுக்கே கடக்க உயர்த்தி வைத்த படிக்கற்கள். ஒவ்வொரு முனையிலும் தூக்க வேண்டும். கைக்குழந்தையோடு போகிறவர் யாராவது இதைப் படித்தால்: ஆம்ஃபிதியேட்டர் பக்க வாசலிலிருந்து தொடங்கும் தடையற்ற பாதை ஒன்று 3 கிலோமீட்டருக்கு மேல் போட்டிருக்கிறார்கள், வண்டி அதில் ஓடும். மற்ற இடங்களுக்குத் துணித் தூளி போன்ற மென்மையான சுமப்பான் நல்லது. இரும்புச் சட்டம் வைத்த முதுகுச் சுமப்பான் பல அருங்காட்சியகங்களில் பையாகவே கருதப்படும்.

#17 · மார்ச் 6, இரவு 9:50

மூன்று சட்டையில் இரண்டு வாரம் என்கிறீர்கள். துவைப்பது?

#18 · மார்ச் 6, இரவு 11:15

இரண்டு நாளுக்கு ஒரு முறை கையால் உள்ளாடை, காலுறை, ஒரு சட்டை. ஐந்தாறு நாளுக்கு ஒரு முறை சுயசேவைச் சலவைக்கடையில் எல்லாம். கடையில் 8 கிலோ இயந்திரம் இருக்கும். நாலு பேர் துணி ஐந்து நாளுக்கு 5, 6 கிலோ, ஒரே சுற்றில் அடங்கும். துவைக்க அரை மணிக்குக் கொஞ்சம் கூட, உலர்த்த இருபது நிமிடம், உலர்த்திக்குத் தனிக் காசு. சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். கம்பளித் துணியை உலர்த்தியில் போட்டால் 9 வயதுச் சட்டை 5 வயதுக்கு ஆகிவிடும்.

கைத்துவையலில் கவனிக்க வேண்டியது தண்ணீர். ரோம் தண்ணீர் சுண்ணாம்பு கலந்த கடின நீர். சோப்புக் கட்டி நுரைக்காது, வெள்ளைத் திட்டாகத் துணியில் ஒட்டும். திரவச் சலவைச் சோப்பு 50 மி.லி. குப்பியில் எடுத்துப் போங்கள், ஒரு தொட்டிக்கு ஒரு தேக்கரண்டி போதும், அலசுவது இரண்டு முறை.

உலர்த்த: தங்குமிடத்து டவலை விரித்து, துணியை அதன் மேல் பரப்பி, சேர்த்து இறுக்கிச் சுருட்டி, ஏறி நில்லுங்கள். பாதி ஈரம் டவலுக்குப் போய்விடும். மெல்லிய பாலியெஸ்டர் இரவோடு இரவாக உலரும், பருத்திக்கு இன்னும் அரை நாள் வேண்டும்.

#19 · மார்ச் 7, காலை 7:05

சுவரில் இருக்கிற சூடேற்றிக் கம்பிமேல் போட்டால் ஒரு மணி நேரம். இவ்வளவு கஷ்டம் எதற்கு?

#20 · மார்ச் 7, காலை 7:48

அக்டோபரில் அது சூடாகாது. இத்தாலியில் கட்டடச் சூடேற்றலுக்குச் சட்டப்படி தேதி உண்டு, நாட்டையே தட்பவெப்பப்படி மண்டலம் பிரித்திருக்கிறார்கள். ரோமும் புளோரன்ஸும் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை, நாளுக்கு 12 மணி நேரம். நேப்பிள்ஸ் நவம்பர் 15 முதல் மார்ச் 31 வரை, 10 மணி நேரம். வெனிஸ் அக்டோபர் 15-லிருந்து, 14 மணி நேரம். அக்டோபர் கடைசியில் போகிற #1-க்கு ரோமிலும் நேப்பிள்ஸிலும் கம்பி பச்சைத் தண்ணீர். வெனிஸுக்கு வந்த பிறகு #19 சொல்வது சரி. ஆண்டைப் பொறுத்து நகராட்சி தேதியைத் தள்ளுவதும் உண்டு.

#21 · மார்ச் 7, காலை 10:30

துவைக்கத் தொட்டி எது என்று யாரும் சொல்லவில்லையே. பிடே! கழிப்பறைப் பீங்கானுக்குப் பக்கத்தில் தாழ்வாக ஒன்று இருக்குமே, அது. 1975-லிருந்து வீடுகளில் கட்டாயம். வெந்நீர், அடைப்பான், உட்கார்ந்து துவைக்கிற உயரம். கடவுளே நமக்காகக் கட்டிவைத்தது போல.

#22 · மார்ச் 7, காலை 10:41

அது எதற்காகக் கட்டியது என்று தெரிந்துதான் சொல்கிறீர்களா?

#23 · மார்ச் 7, காலை 10:44

தெரியும். அதனால்தான் முதலில் தேய்த்துக் கழுவச் சொல்கிறேன்.

#24 · மார்ச் 7, காலை 11:20

குளியலறை பற்றிப் பேச்சு வந்ததால்: விடுதிகளில் ஷவருக்குப் பக்கத்தில் மேலிருந்து ஒரு கயிறு தொங்கும். துணி காயப்போடுகிற கொடிக்கயிறு இல்லை. அவசர உதவிக்கு இழுக்கிற மணி. அதில் ஈரக் காலுறையைத் தொங்கவிட்டால் வரவேற்பறையிலிருந்து ஓடி வருவார்கள். கொடிக்கு முறுக்கு ரப்பர்க் கயிறு 3 மீட்டர், 60 கிராம். முறுக்கின் இடுக்கில் துணியின் ஓரத்தைச் செருகினால் கிளிப்பும் வேண்டாம்.

#25 · மார்ச் 8, மாலை 4:05

டிக்கெட்டில் பெயர் விவகாரம். கொலோசியத்துக்கும் பொம்பெய்க்கும் இப்போது பெயர் போட்ட டிக்கெட், வாசலில் அடையாளச் சான்று கேட்பார்கள். கொலோசியம் 2023 அக்டோபரிலிருந்து இப்படி. பொம்பெயில் 2024 நவம்பரிலிருந்து, ஒரு நாளைக்கு 20,000 பேர் என்ற வரம்போடு.

நம்மவர்களின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும், படிவமோ இரண்டு கட்டமும் நிரப்பச் சொல்லும். இனிஷியலை அங்கே போட வேண்டாம், பாஸ்போர்ட்டில் இல்லாத எழுத்தாகிவிடும். இயற்பெயரையே இரண்டிலும் போடுவது பாதுகாப்பானது. அப்பா பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்தில் அச்சாகியிருந்தால் அப்படியே முழுசாக. கொலோசியம் போகும் நாளில் அசல் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

18 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொலோசியம், பாந்தியன் (ரோமின் பழைய கோவில்), பொம்பெய் எல்லாம் இலவசம், எந்த நாட்டவராக இருந்தாலும். கொலோசியத்துக்குப் பெரியவர் டிக்கெட்டோடு சேர்த்து அவர்களுக்கும் பூஜ்ய விலை டிக்கெட் போட்டாக வேண்டும், அது இல்லாமல் பிள்ளையோடு போய் நின்றால் உள்ளே விடமாட்டார்கள். விற்பனை 30 நாள் முன்பு திறக்கும்.

#26 · மார்ச் 8, இரவு 9:30

கொலோசியம் பாதுகாப்புச் சோதனையில் பறிபோகும் பொருள்கள்: கண்ணாடிப் பாட்டில், ஸ்ப்ரே டப்பா, பேனாக்கத்தி. வெயில் களிம்பு ஸ்ப்ரேயாக இருந்தால் அதுவும். குழைவாகவோ குச்சியாகவோ வாங்குங்கள், விமானத்தின் 100 மி.லி. விதிக்கும் குச்சி தொல்லை இல்லை.

தண்ணீருக்குக் காசு கொடுக்க வேண்டாம். ரோம் தெருக்களில் நசோனி என்ற இரும்புக் குழாய்த் தூண்கள் 2,000-க்கு மேல், 1870-களில் தொடங்கியவை, நாள் முழுக்க ஓடும் குடிநீர். மூக்கு போல வளைந்த குழாயின் நுனியை விரலால் அடைத்தால் மேலே இருக்கும் சின்னத் துளை வழியாகப் பீய்ச்சும். குழந்தைகளுக்கு அன்றைய நாளின் சிறந்த நினைவுச் சின்னம் அதுவாகத்தான் இருக்கும். பொம்பெய்க்குள்ளும் குடிநீர்க் குழாய் உண்டு. அரை லிட்டர் பாட்டில் இரண்டு போதும், ஒரு லிட்டர்ப் பாட்டில் 15 செ.மீ. விதிக்கும் எதிரி, தோளுக்கும் எதிரி.

#27 · மார்ச் 9, காலை 6:55

மின்சாரம் சுருக்கமாக. 230 வோல்ட். சுவரில் மூன்று துளை ஒரே வரிசையில் இருக்கும். நம் கைப்பேசி சார்ஜரின் மெல்லிய இரட்டை முள், சின்னத் துளை வகையில் நேராகப் போகும், அடாப்டர் வேண்டாம். பெரிய துளை (16 ஆம்பியர்) வகையில் போகாது, இடைவெளியே வேறு. மடிக்கணினியின் தடித்த மூன்று முள் எதிலும் போகாது. அதை விட்டுவிட்டு 65 வாட் சார்ஜர் ஒன்று, நாலு துளை வைத்தது, எல்லோருக்கும். பவர்பேங்க் கைப்பையில் மட்டும், 100 வாட்-ஹவருக்குள். 3.7 வோல்ட் கணக்கில் 27,000 எம்ஏஎச் வரை.

#28 · மார்ச் 9, இரவு 8:40

#1 திரும்ப எழுதுகிறேன். சக்கரப் பெட்டி யோசனையை விட்டாயிற்று. 28 லிட்டர் இரண்டு, 14 லிட்டர் ஒன்று, பகல் பை இரண்டு. விமான நிலையத்திலிருந்து ரோமுக்கு? பீசாவை புளோரன்ஸ்–வெனிஸ் நடுவில் வைக்கலாமா?

#29 · மார்ச் 9, இரவு 10:25

விமான நிலையம்: லெயொனார்தோ எக்ஸ்பிரஸ் 14 யூரோ, 32 நிமிடம், நேரே ரோமின் மத்திய ரயில் நிலையமான தெர்மினி. பெரியவர் ஒருவருக்கு 12 வயதுக்குட்பட்ட ஒரு குழந்தை இலவசம், ஆக உங்களுக்கு 28. டாக்ஸிக்கு ஃப்யூமிசினோ விமான நிலையத்திலிருந்து ரோமின் பழைய மதிலுக்குள் நிலைக் கட்டணம் 55, நாலு பேரும் சாமானும் சேர்த்து. தங்குமிடம் தெர்மினியிலிருந்து நடை தூரம் என்றால் ரயில். பியாட்சா நவோனா பக்கம், இரவு பத்து மணி, தூங்கிவிட்ட குழந்தை என்றால் யோசிக்காமல் டாக்ஸி. இன்னொரு ரயில் 8 யூரோவுக்கு ஓடுகிறது, அது தெர்மினி போகாது, திராஸ்தேவெரே, ஒஸ்தியென்சே, திபுர்த்தினா வழி. அந்தப் பக்கம் தங்கினால் அதுவே சரி.

பீசா நடுவில் வராது. வெனிஸ் வடகிழக்கே, பீசா மேற்கே. புளோரன்ஸில் தங்கியபடி பகல் பையோடு போய்வாருங்கள், வட்டார ரயிலில் ஒரு மணி நேரம். காகித டிக்கெட் வாங்கினால் ஏறும் முன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை போடுங்கள், இல்லாவிட்டால் டிக்கெட் இருந்தும் அபராதம்.

கோபுரத்தில் 8 வயதுக்குட்பட்டவர்களுக்கு அனுமதி இல்லை. 9 வயது ஏறலாம், பெரியவர் ஒருவர் துணையோடு. 5 வயதோடு இன்னொருவர் கீழே நிற்க வேண்டும். மூன்று டிக்கெட் வாங்கி ஒன்றை வீணாக்காதீர்கள், இரண்டே போதும்.

#30 · மார்ச் 10, காலை 7:15

பீசாவுக்கு ஒரு சேர்க்கை: கோபுரத்துக்கு அருகில் இருப்பது சான் ரொஸ்ஸோரே நிலையம், சென்ட்ரல் இல்லை. சென்ட்ரலிலிருந்து குழந்தை நடையில் அரை மணி நேரம். சான் ரொஸ்ஸோரேயிலிருந்து பத்து நிமிடத்துக்குள். சாமான் காப்பகம் சென்ட்ரலில்தான். பகல் பை மட்டும் என்றால் அதைப் பற்றி ஏன் கவலை.

#31 · மார்ச் 10, இரவு 9:05

#1-இன் தேதிகளைப் பார்த்தால் இன்னும் இரண்டு விஷயம். அக்டோபர் கடைசி ஞாயிறு ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். அன்றிலிருந்து கொலோசியம் மாலை 4:30-க்கு மூடும், கடைசி அனுமதி அதற்கு ஒரு மணி நேரம் முன்பு. மதியம் 3 மணி நுழைவு கிடைக்கிறதே என்று வாங்கினால் பக்கத்தில் இருக்கும் ரோமன் ஃபோரம் இடிபாடுகளுக்குப் பொழுது இருக்காது.

மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்களும் தொல்லியல் இடங்களும் எல்லோருக்கும் இலவசம். பிள்ளைகளுக்கு எப்போதுமே இலவசம் என்பதால் உங்களுக்கு மிச்சம் இரண்டு டிக்கெட் காசு மட்டும், அதற்கு விலை மணிக்கணக்கில் வரிசை. நவம்பர் 1 பொது விடுமுறை, உள்ளூர்க் கூட்டமும் சேரும். அந்த நாள்களை வெனிஸ் தெருக்களில் நடக்கவோ ரயிலுக்கோ ஒதுக்குங்கள். வாடிகன் கணக்கு தனி: ஞாயிறு விடுமுறை, மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் மதியம் வரை இலவசம். அது உங்கள் ரோம் நாள்களில்தான் விழுகிறது. அன்றைக்கு அந்தப் பக்கம் போகாமல் ஒஸ்தியா அந்திகா பழைய துறைமுக நகரத்தை வையுங்கள். பிராமிதே மெட்ரோவை ஒட்டிய போர்த்தா சான் பாவ்லோ நிலையத்திலிருந்து அரை மணி நேரம், நகரப் பேருந்துக்கு வாங்கும் அதே 1.50 யூரோ டிக்கெட், 10 வயதுக்குட்பட்டவர்களுக்கு அதுவும் இல்லை. அங்கே திங்கள் விடுமுறை.

#32 · மார்ச் 10, இரவு 9:20

ரோம் தங்குமிடத்தில் நகர வரி தனி, அறை வாடகையில் சேராது, பல இடங்களில் ரொக்கமாகக் கேட்பார்கள். மூன்று நட்சத்திர விடுதி என்றால் ஆளுக்கு இரவுக்கு 6 யூரோ, 10 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கிடையாது. உங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் இல்லை. சலவைக்கடைச் சில்லறையோடு இதையும் எடுத்து வையுங்கள்.